நான் வெட்டிய செல்லோ நரம்பு

ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் நானும் என் கணவரும் மலாக்கா, காஜா பெராங்கில் ஒரு வாடகை வீட்டில் இருந்தோம். கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை.

என் கணவர் செல்லோ வாசிப்பார். முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி வில்லால் இழுக்கிற பெரிய வாத்தியம் அது. போருக்கு முன் வெள்ளைக்காரர் கிளப்பில் வாசித்தவர். ஜப்பானிய அதிகாரி ஒருவர் தன் விருந்துகளுக்காக ஓர் இசைக்குழு அமைத்தபோது இவரையும் சேர்த்துக்கொண்டார். குழுவில் இருப்பவர்களுக்கு முத்திரை குத்திய ஒரு தாள் கிடைக்கும். அது கையில் இருந்தால் சயாமில் ரயில் பாதை போடப் பிடித்துப்போக மாட்டார்கள். எங்கள் தெருவிலிருந்து போன ஆண்கள் ஒருவரும் அதுவரை திரும்பியிருக்கவில்லை.

குழுவில் கம்போங் செட்டியைச் சேர்ந்த ஒரு பெண் வயலின் வாசித்தாள். என்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவள். அங்கே தலைமுறை தலைமுறையாக மலாய்தான்; அவளுக்கும் தமிழ் வராது. வீட்டுக்கு வந்தாலும் இவருக்கு அவள் பேச்சுதான். "அவ வில்ல இழுத்தா தண்ணி ஓடுற மாதிரி இருக்கு" என்பார். என்னைப் பற்றி அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஒத்திகை முடிந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் வருவார். கேட்டால், அவளுக்கு இசைக் குறிப்பு எழுதிக் கொடுத்தேன் என்பார். அவித்த மரவள்ளிக்கிழங்கை அவருக்கு மட்டும் வைத்துவிட்டு நான் படுத்துவிடுவேன்.

ஒரு மத்தியானம் அவர் குளிக்கப் போனதும் செல்லோப் பெட்டியைத் திறந்து, கத்தரிக்கோலால் ஒரு நரம்பை வெட்டிவிட்டேன். ஒரு நாளாவது அவள் பக்கத்தில் உட்காராமல் இருக்கட்டும் என்றுதான். பிறகு மனசு கேட்காமல் அவர் பின்னாலேயே போய், ஒத்திகை நடக்கும் மண்டபத்து ஜன்னலுக்கு வெளியே நின்றேன்.

பெட்டியைத் திறந்தவர் அறுந்த நரம்பைக் கையில் எடுத்தார். அதிகாரி கத்தினார். மொழிபெயர்த்தவர் மலாயில் சொன்னது எனக்கும் விளங்கியது. வாசிக்கப் பிடிக்காமல் நீயே கெடுத்தாயா, சயாமுக்குப் போகிறாயா என்று கேட்டார். தாளைத் திருப்பிக் கேட்டு அதிகாரி கையை நீட்டினார். உள்ளே ஓடி 'நான்தான் செய்தேன்' என்று சொல்ல வேண்டும். காலும் நகரவில்லை, குரலும் வரவில்லை.

அப்போது அவள் எழுந்தாள். முந்தின நாள் ஒத்திகை முடிந்ததும் சுருதி சேர்க்கிறேன் என்று முறுக்கி, தானே அறுத்துவிட்டதாகச் சொன்னாள். அதிகாரி அவளை இரண்டு அறை அறைந்தார். மூன்று நாளில் வேறு நரம்பு போட வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். செல்லோவைவிடப் பெரிய டபுள் பாஸ் வாசித்தவர் தூண்டில் நரம்பைத் திரித்து எப்படியோ ஒன்று செய்து கொடுத்தார்.

வெளியே வந்தவள் நேராக என்னிடம் வந்தாள். ஜன்னலில் என் முகத்தைப் பார்த்தே நான் யாரென்று புரிந்துகொண்டிருப்பாள். கன்னம் வீங்கியிருந்தது.

"தானா அறுந்தா நுனி பிசிறா இருக்கும், அக்கா. இதுல பிசிறே இல்ல, வெட்டின நுனி" என்று மலாயில் மெதுவாகச் சொன்னாள். "என் புருஷன் சயாம் போயி எட்டு மாசமாச்சு. காத்துக்கிட்டு இருக்க நான் ஒருத்தி போதும். உங்களுக்கும் அது வேணாம்."

அவள் கணவன் கடைசிவரை வரவில்லை. என்னவர் அந்த நரம்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்டதில்லை. நான் வாயடைத்து நின்ற இடத்தில் அவளால் எழுந்து பேச முடிந்ததே, அதை நினைத்தால் இத்தனை வயதிலும் எனக்கு அவள் மேல் பொறாமையாகத்தான் இருக்கிறது.