சூரியனின் முகத்தில் நான் செய்த டச்சிங்

ஏற்காடு ஒண்டிக்கடைப் பகுதியில், எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுப்பது என் வீட்டுக்காரர், முகத்தைச் சரிசெய்வது நான். பெண்ணின் படத்தை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பும்முன், நெகடிவில் பென்சிலால் டச்சிங் செய்து பருவையும் அம்மைத் தழும்பையும் மறைத்துவிடுவேன். சாந்தாமேரி கை பட்டால் மாசு மறு இருக்காது என்று ஏற்காடு முழுக்கப் பேர். அந்தத் திமிர்தான் 1990இல் ரைட்டர் சித்தன் விஷயத்தில் என் மூக்கை உடைத்தது.

சித்தன் வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர். ஆள் பேர் எழுதுவதும், களத்தில் காயும் காப்பிக் கொட்டையைப் பார்த்துக்கொள்வதும் வேலை. ஓர் இடத்தில் நிற்கத் தெரியாத மனிதர். டீ குடிக்கும்போதுகூட ஒரு கால் கடைக்கு வெளியே இருக்கும், கண் மேகத்தில் இருக்கும். பழைய பங்களா ஒன்றைக் காலி செய்தபோது அவருக்கு ஒரு பித்தளைத் தொலைநோக்கி கிடைத்திருந்தது. அதைக் குழாய் என்றுதான் சொல்வார். அதில் நேராகச் சூரியனைப் பார்த்தால் கண் அவிந்துவிடும் என்பதால், குழாய்க்குப் பின்னால் மனைவியிடம் வெள்ளை அட்டையைப் பிடிக்கச் சொல்வாராம். சூரியன் அட்டையில் ஆப்பம் அளவு வட்டமாக விழுமாம். அந்த வட்டத்தைக் கேமராவில் எடுப்பார். எதற்கு இந்தக் கிறுக்கு என்று நான் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அந்தத் தை மாதம் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் அவருடைய மொபெட் எங்கள் கடையைக் கடந்து பறக்கும். பின்னால் கம்பளியில் சுற்றிய குழாய், அதைக் கட்டிப்பிடித்தபடி அவர் மனைவி அருக்காணி. வெள்ளக்கடையில் மூடுபனி என்றால் செம்மநத்தத்தில் வெயில் இருக்குமோ என்று ஓடுவார்கள். பாதி வழியில் வெயில் வெள்ளக்கடைக்கே போய்விடும், திரும்பி ஓடுவார்கள். ஒரு நாள் என் வாசலில் பெட்ரோல் தீர்ந்து நின்றபோது அருக்காணி பொரிந்து தள்ளினாள்.

"வெயிலடிச்சாலும் கிறுக்கு, மேகம் வந்தா அதுக்கு மேல கிறுக்கு. மூணு வருசமா ஒரு வாய் சோறு நிம்மதியாத் திங்க உட்டதில்லீங்க அக்கா."

"இந்தத் தடவையோட சரி" என்றார் சித்தன் அவளிடம். "பதிமூணு நாளும் உடாம எடுக்கோணும். ஒரு நாள் தப்பினாலும் குழாயை வித்துப்போடறேன். உங்கிட்டச் சொன்ன சொல்லு."

போன வருஷம் எட்டாம் நாள் மழை கெடுத்ததாம், அதற்கு முந்திய வருஷம் பதினோராம் நாள். இந்த முறை எப்படியோ பதிமூன்றும் முடிந்தன. இரண்டு ரோல்களை என் வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுப் போனார். கழுவிய நெகடிவ்கள் வழக்கம்போல் என் மேசைக்கு வந்தன.

வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன். பதிமூன்று வட்டம், பதிமூன்றிலும் அழுக்கு. அட்டையில் பூச்சி ஏதோ ஊர்ந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன், ஏனென்றால் அந்தக் கறை படத்துக்குப் படம் கொஞ்சம் நகர்ந்திருந்தது. பாவம், இவ்வளவு அலைந்தவர் அட்டையைத் துடைக்க மறந்துவிட்டாரே என்று ஒரு நாள் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து மறைத்தேன். ஏழாவது படத்தில் கறை பெரிது. பென்சில் போதாமல் சாயம் வைத்தேன். பிரிண்ட் போட்டதும் நிலாவைவிடச் சுத்தமாகச் சூரியன்! எனக்கே பெருமை தாங்கவில்லை.

சித்தன் வந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அக்கா, இதுல புள்ளி எங்கீங்க?"

"அந்தத் தூசியா? எல்லாம் எடுத்துட்டேன் ரைட்டரே. ஒரு பூச்சி வேற இந்த ஓரத்துல இருந்து அந்த ஓரம் வரைக்கும் நடந்திருக்கு, நல்லவேளை நான் பார்த்தேன்."

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே அன்றுதான்.

"அது பூச்சி இல்லீங்க அக்கா. சூரியன்ல இருக்கற கரும்புள்ளிங்க. சூரியன் சுத்தறப்ப அதுவும் கூடவே சுத்திப் போகுது. ஒரு ஓரத்துல மொளச்சு மறு ஓரத்துல மறையப் பதிமூணு நாளாகும். அது மொத்தத்தையும் புடிக்கத்தானுங்க நான் இத்தன ஓட்டம் ஓடுனேன்."

சூரியன் சுற்றுவதை என் மேசையிலேயே பார்த்திருக்கிறேன், பார்த்துப் பார்த்து அழித்திருக்கிறேன். டர்பன்டைன் பாட்டிலை எடுத்தேன். பஞ்சில் நனைத்து மெதுவாகத் துடைக்கப் பென்சில் கரைந்தது, புள்ளி திரும்பி வந்தது. ஒவ்வொன்றுக்கும் மூச்சைப் பிடித்துக்கொண்டோம். பன்னிரண்டு படங்கள் மீண்டன. ஏழாவது மீளவில்லை. சாயம் உள்ளே ஊறிவிட்டிருந்தது.

"எந்த இடம்னு எனக்கு ஞாபகம் இருக்கு" என்றேன். "பிரிண்டுல நானே புள்ளி வெச்சுடறேன். ஒருத்தருக்கும் தெரியாது."

"வேண்டாமுங்க. நீங்க வெச்சா அது உங்க புள்ளி. சூரியனோடது ஆகாதுங்க." எழுந்தார். "பன்னண்டுதான். சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. சேலத்துல ஒருத்தர் கேட்டுட்டு இருக்கறார், நாளைக்கே குழாயைக் குடுத்துப்போடறேன்."

என்னை இரண்டு வார்த்தை திட்டியிருக்கலாம். திட்டாமல் போனார். அன்று வேலையில் கை ஓடவில்லை.

மறுநாள் காலை அருக்காணி தனியாக வந்தாள். தொல்லை விட்டது என்று சொல்ல வந்திருக்கிறாள் என்றே நினைத்தேன்.

"ஏனுங்க அக்கா, அந்த ஏழாம் நாள் படத்தைக் காட்டுங்க."

கொடுத்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"இது நான் எடுத்ததுங்க" என்றாள். "அன்னைக்கு எஸ்டேட்டுல இவங்களைக் களத்தை உட்டு நகர உடலை. ஊட்டு வாசல்ல நின்னு பாக்கறேன், பனி வெலகுது. மனசு கேக்கலைங்க. தெனமும் கூட நின்னு பழகுனதுதானேன்னு நானே குழாயை நிறுத்தி எடுத்தேன். அஞ்சு நிமிசந்தான் வெயில். புள்ளி ரெண்டா ஒட்டிட்டு இருந்துச்சுங்க, நொம்ப அழகு. என் சென்மத்துல நான் எடுத்த ஒரே படமுங்க அது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "தெரியாமப் பண்ணிட்டேன் அருக்காணி. குழாயை இன்னைக்கு வித்துடறாராமே?"

"எப்படி விப்பாங்க? சொல்லு எங்கிட்டக் குடுத்தது, வேண்டாம்னு நாஞ் சொல்லிப்போட்டேன். என் படம் போச்சுங்களே, திருப்பி எடுக்க வேண்டாமா? பதிமூணும் நானே எடுக்கறேன். அவங்க களத்தைப் பாத்துக்கட்டும். ரெண்டு ரோல் குடுங்க."

ரோல்களை எடுத்து வைத்தேன். அட்டையில் சூரியன் விழுவதை நானும் ஒரு நாள் வந்து பார்க்கலாமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன்.

"கையைக் கட்டிக்கிட்டுப் பாக்கறதா இருந்தா வாங்க" என்றாள் அருக்காணி. அவள் சிரிக்கவில்லை.