ஊர்த் தபாலாபீசும் நான் சொல்லாத ஒரு வார்த்தையும்

அறுபதுகளின் நடுவில், ஒரு தை மாதம் அது. கல்யாணமாகித் தொண்டாமுத்தூருக்கு மேற்கே மலையடிவாரத்து ஊருக்கு நான் வந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது. எட்டாவது வரை படித்தவள் என்பதால் அந்த ஊர்ப் பெண்களுக்குக் கடிதம் எழுதுவதும் படித்துச் சொல்வதும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கணவர் இல்லை, ஒரே மகன். பட்டாளத்தில் சேர்ந்து கண்ணனூரில் இருந்தான். பள்ளிக்கூட வாத்தியார் தன் வீட்டு முன்னறையில் ஊர்த் தபாலாபீசை நடத்தி வந்தார். சாயங்காலம் சைக்கிளில் தபால் பை வரும்போதே அக்கா அங்கே போய் நின்றுவிடுவார். கடிதம் இருந்தால் நேராக என்னிடம்தான் வருவார்.

கடிதங்கள் குறைவு, ஆபீசை மூட உத்தேசம், ஊர்க்காரர்களின் அபிப்பிராயம் கேட்க அதிகாரி வருகிறார் என்று தகவல் வந்தது. என் மாமனார் ஊரில் பெரிய தலைக்கட்டு என்பதால் கூட்டமும் சாப்பாடும் எங்கள் வீட்டில். முந்தின நாள் அக்கா கொல்லைப்புறமாக வந்தார்.

"அம்மணி, ஆம்பளைங்க கூட்டத்துல நான் வந்து பேச முடியுமா? நீ அந்த ஊட்டுக்காரி. அந்த ஆபீசருகிட்ட ஒரு வார்த்த சொல்லிப்போடு கண்ணு. இங்க தபாலு நின்னுபோச்சுன்னா எம்பையன் எங்க இருக்கறான்னே எனக்குத் தெரியாம போயிருமுன்னு சொல்லு."

"சொல்றேனுங்கக்கா, நீங்க கவலப்படாதீங்க" என்றேன்.

அதிகாரி நல்ல மனிதர். தெற்கத்திக்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்கு வந்தவர் இலையில் கை வைத்திருக்கும்போது அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு பேச மாட்டோம். அவரோ சாப்பிட்டுக்கொண்டே, "ஆபீசை மூடலாம்னு இருக்கோம். ஆட்சேபணை இருந்தா தாராளமா சொல்லுங்க" என்று கேட்டுவிட்டார்.

"நீங்க பாத்து எது செஞ்சாலும் செரிங்க" என்றார் மாமனார். கூட உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் "ஆமாங்க, ஆமாங்க" என்றார்கள். மூடவே விடக்கூடாது என்று காலையிலிருந்து குதித்துக்கொண்டிருந்தவர்களும் இவர்கள்தான்!

அதிகாரிக்கே ஏதோ உறுத்தியிருக்க வேண்டும். ரசத்தோடு நின்ற என்னை நிமிர்ந்து பார்த்து, "நீங்க ஏதாவது சொல்லணுமாம்மா?" என்றார். பந்தியே என்னைத் திரும்பிப் பார்த்தது. என் வாயிலிருந்து வந்தது இதுதான்: "இன்னுங் கொஞ்சம் சோறு போடட்டுங்களா?"

அவர் சிரித்தபடி போதும் என்று கை காட்டினார். கை கழுவிவிட்டு நோட்டை எடுத்து ஏதோ எழுதினார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நானோ வெற்றிலைத் தட்டைத் தேடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அக்கா வந்து, "சொன்னியா கண்ணு?" என்று கேட்டார்.

"சொல்லிப்போட்டேனுங்கக்கா" என்றேன். கூசாமல் பொய் சொன்னேன்.

சித்திரையில் ஆபீசை மூடிவிட்டார்கள். அதற்குப் பிறகு நாலு மைல் தள்ளியிருந்த ஊரிலிருந்து செவ்வாயும் சனியும் மட்டும் தபால்காரர் வருவார்.

ஆவணியில் எல்லையில் சண்டை என்று பேச்சு அடிபட்டது. ஒரு சனிக்கிழமை அக்கா கடிதத்தோடு ஓடி வந்தார். நான் சத்தமாகப் படித்தேன். அவர்களை வடக்கே அனுப்புகிறார்களாம். வியாழக்கிழமை காலை போத்தனூரில் ரயில் அரை மணி நேரம் நிற்குமாம். "எப்படியாவது வந்துரும்மா. கச்சாயம் சுட்டுக் கொண்டா. உன்னைப் பாத்துட்டுப் போறேன்" என்று எழுதியிருந்தான்.

அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. "மாவு இடிக்கோணுமே! இன்னிக்கு என்ன கெழம கண்ணு?"

நான் உறையைத் திருப்பிப் பார்த்தேன். அவன் எழுதியிருந்த வியாழக்கிழமை போய் இரண்டு நாள் ஆகியிருந்தது. உறையில் அந்த நாலு மைல் ஊரின் முத்திரை, புதன்கிழமைத் தேதியோடு இருந்தது. எங்கள் ஊர் ஆபீஸ் இருந்திருந்தால் அந்தப் புதன்கிழமை சாயங்காலமே கடிதம் அவர் கைக்கு வந்திருக்கும்.

"சனிக்கெழமைங்கக்கா" என்றேன்.

அவர் அழவில்லை. கடிதத்தை வாங்கி மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். "புள்ள சன்னலோரம் எட்டியெட்டிப் பாத்திருப்பானே" என்று மட்டும் சொன்னார். நான்தான் அடுப்படிக்குள் போய் அழுதேன்.

அவன் திரும்பி வரவில்லை. அடுத்த மாதமே தந்தி வந்தது. கிழமை பார்க்காமல் சைக்கிளில் ஆளை அனுப்பி, வந்த அன்றைக்கே அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அதையும் நான்தான் படித்துச் சொன்னேன்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டுமென்று எத்தனையோ முறை அக்கா வீட்டு வாசல் வரை போயிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் யார் இருந்தாலும், "ஊருல ஒரு ஆம்பள வாயத் தொறக்குல. இந்த அம்மணி ஒருத்திதான் எனக்காவ அந்த ஆபீசருகிட்டப் பேசுனா" என்பார். அதைக் கேட்டால் என் மாமனார் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பிவிடுவார். போய் மறைந்துகொள்ள எனக்கு ஏது தோட்டம்?

இருபது வருஷம், கண்ணை மூடும்வரை அக்கா என்னை வாழ்த்திக்கொண்டேதான் இருந்தார். வைதிருந்தால்கூட என்றைக்கோ மறந்திருப்பேன். அந்த வாழ்த்தைத்தான் இன்றுவரை என்னால் தாங்க முடியவில்லை.