மூன்றாம் பொத்தான்

சர்வேயர் என்றதும் நிலம் அளக்கிறவர் என்று நினைத்துவிட வேண்டாம். மோதி நசுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, இன்சூரன்ஸ் கம்பெனி பணம் கொடுக்கலாமா கூடாதா என்று சொல்கிறவர். வாலிபத்தில் பிடித்த வேலை, தலை நரைத்த பிறகும் அதே வேலை. ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்ததும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வருவார். பம்பர் பிய்ந்து தொங்கும், கதவு உள்ளே போயிருக்கும், அவர் மட்டும் எங்கேயோ ஒரு மூலையில் குனிந்து பார்த்துவிட்டு, "இது பழைய கீறலாச்சே" என்பார். வண்டிக்காரர் அழாத குறையாக நின்றால் இலவசமாக இன்னொரு வார்த்தையும் கிடைக்கும். "ஓட்டத் தெரியாதவன் எதுக்குய்யா வண்டி வாங்குறான்?"

மெக்கானிக்குகள் அவருக்கு 'பழைய கீறல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. ஏதோ பட்டம் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பூரித்துப்போயிருந்தார்.

ஆள் குள்ளம். அதில் ஒரு குற்றமும் இல்லை. ஆனால் சர்வேயர் அதை ஒரு கோர்ட் கேஸ் மாதிரி ஆயுசு முழுக்க நடத்திக்கொண்டிருந்தார். ஷூவுக்குள்ளே ஒரு மெத்தை, ஆபீஸ் நாற்காலியில் ஒரு தலையணை. குரூப் போட்டோ என்றால் ஓடிப்போய் படிக்கட்டில் ஏறி நின்றுகொள்வார். பெண்டாட்டி அவரைவிட நாலு விரற்கடை உயரம். கல்யாண போட்டோவில் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கும்படி அவளிடம் சொன்னது போட்டோகிராபர் அல்ல, மாப்பிள்ளைதான். அன்றைக்குப் போனது அவளுடைய ஹீல்ஸ் செருப்பு. அவரோடு நடக்கும்போது தோளைக் கொஞ்சம் குறுக்கிக்கொள்ளவும் பழகிவிட்டாள். அவளுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. கழுத்து வலி என்று போனால் டாக்டர் மைக்ராஸ்கோப் மேல் பழியைப் போட்டார். அவளும் மறுத்துப் பேசவில்லை.

இந்த நிலையில்தான் சகலைக்கு யோகம் அடித்தது. சகலை என்றால் அவள் தங்கச்சியின் புருஷன். டைல்ஸ் கடைக்காரர், பனைமர உயரம். கியர் மாற்றவே தேவையில்லாத பெரிய கார் ஒன்றை வாங்கி, காட்டுவதற்காகவே இவர்கள் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். சர்வேயர் ஒரு சுற்று வந்து பார்த்தார். புது வண்டி, கீறல் எதுவும் கிடைக்கவில்லை.

"கியர் இல்லாத வண்டியெல்லாம் ஒரு வண்டியா சகல? ஊஞ்சல்ல உக்காந்து ஆடுற மாதிரி," என்றார்.

சொன்ன சொல்லை விழுங்க முடியாமல், மழைக்காலம் தொடங்குவதற்குள் அவரும் ஒன்று வாங்கிவிட்டார். ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே சீட், கூரை திறந்து மடங்கும், கையால் மாற்றுகிற ஆறு கியர். முன்பு யாரோ ஓட்டிக் களைத்த வண்டிதான், ஆனாலும் பளபளவென்று இருந்தது.

அதில் டிரைவர் சீட்டுக்கு ஞாபகசக்தி உண்டு. கதவில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பொத்தான்கள். சீட்டை உங்களுக்குத் தோதாக வைத்து ஒரு எண்ணில் பதிந்துவிட்டால் போதும். அப்புறம் ஹேண்ட்பிரேக்கைப் போட்டுவிட்டு அந்த எண்ணை அழுத்தினால், சீட்டும் கண்ணாடிகளும் தானாக அந்த இடத்துக்கு வந்துவிடும். முதல் நாளே சர்வேயர் பெண்டாட்டியைக் கூப்பிட்டுப் பாடம் எடுத்தார்.

"ஒண்ணு என்னது. ரெண்டு உன்னது. மூணத் தொட்டுடாத."

"மூணு யாருது?"

"அது கம்பெனி செட்டிங். தொட்டா கம்ப்யூட்டர் குழம்பிடும்."

அவள் நம்பினாள். கம்ப்யூட்டர் குழம்பும் என்றால் யார்தான் நம்பமாட்டார்கள்.

ஒன்றாம் எண்ணில் அவர் உட்காரும் அழகைச் சொல்லியாக வேண்டும். சீட் கடைசி வரை பின்னால் போய், தரையோடு தரையாக இறங்கி, முதுகு சாய்ந்து கிடக்கும். ஒரு கை நீட்டி ஸ்டியரிங்கில், இன்னொரு கை கதவின் மேல். பந்தயக்காரர்கள் படத்தில் உட்காருவார்களே, அந்தத் தோரணை. வெளியிலிருந்து பார்த்தால் கூலிங் கிளாஸும் முன்நெற்றியும் மட்டும் தெரியும். எல்லாம் சரி, கால்தான் எட்டவில்லை. கியர் வண்டியில் கிளட்சை அடிவரை மிதிக்க வேண்டும். இவருக்கோ கட்டை விரல் நுனிதான் பெடலைத் தொட்டது. ஒவ்வொரு கியருக்கும் வண்டி வால் மிதிபட்ட பூனையாய்க் கத்தியது.

"ஸ்போர்ட்ஸ் கியர்பாக்ஸ் அப்படித்தான் சவுண்டு குடுக்கும்," என்றார் சர்வேயர். ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்.

ஒரு நாள் அவர் காய்ச்சலில் படுத்திருந்தார். குழாய் பதிக்கத் தெருவைத் தோண்ட வந்தவர்கள் கேட்டைத் தட்டி, "வண்டிய எடுங்கம்மா, மண்ணு விழுந்துடும்" என்றார்கள். அவள் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினாள். அவசரத்தில் விரல் தவறி மூன்றில் பட்டுவிட்டது.

சீட் ஙீ என்று முனகிக்கொண்டு முன்னால் நகர்ந்தது, நகர்ந்துகொண்டே உயர்ந்தது. அவள் முழங்கால் இரண்டும் ஸ்டியரிங்குக்கு அடியில் மாட்டிக்கொண்டன. ஸ்டியரிங் நெஞ்சில் வந்து அழுத்தியது. மூச்சு முட்ட இரண்டைத் தேடி அழுத்தி, தப்பித்து, வண்டியை நகர்த்தி நிறுத்தினாள். இறங்கிய பிறகுதான் யோசனை வந்தது. எந்தக் கம்பெனியாவது இப்படி ஒரு செட்டிங் வைத்து அனுப்புமா? இந்த இடத்தில் உட்கார்ந்து ஓட்ட வேண்டுமென்றால் ஆள் குட்டையாக அல்லவா இருக்க வேண்டும்? யாரோ ஒருத்தி. குட்டையான ஒருத்தி.

பிறகு சில நாள் அவள் சோறு தண்ணி சரியாக இறங்காமல் திரிந்தாள். குட்டையான பெண்களையெல்லாம் மனசுக்குள் வரிசையில் நிறுத்திப் பார்த்தாள். அவர் ஆபீஸ் வரவேற்பில் மேஜைக்கு மேலே தலை மட்டும் தெரிய உட்கார்ந்திருப்பவள்? ஒர்க்‌ஷாப்பில் பில் போடுகிறவள்? சீட்டை முகர்ந்து பார்த்தாள். அவருடைய தலைக்கு அடிக்கும் சாய வாசனைதான் வந்தது. கடைசியில் தங்கச்சிக்குப் போன் போட்டாள்.

"அவருக்கு யாரோ இருக்காடி."

"யாருக்கு, மாமாவுக்கா?" தங்கச்சி சிரித்த சிரிப்பில் போனே அதிர்ந்தது. "போக்கா, மாமா கண்ணாடியில தெரியிற ஆளத் தவிர வேற யாரையும் ஏறெடுத்துப் பாக்கமாட்டாரு."

அவளுக்கு மனசு ஆறவில்லை. ஒரு காலையில், சீக்கிரம் வரச் சொல்லியிருக்கிறார்கள் என்று சாக்குச் சொல்லிவிட்டு முன்னதாகவே கிளம்பினாள். தெரு முனை திரும்பியதும் பூட்டிக் கிடக்கும் ஒரு குடோனின் நீளமான சுவர் உண்டு. அதற்கு எதிரே பஸ் நிறுத்தம். தூணுக்குப் பின்னால் நின்றாள்.

கொஞ்ச நேரத்தில் பூனைக் கத்தல் கேட்டது. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு ஒரு கையசைப்பு, கூலிங் கிளாஸ், நீட்டிய கை எல்லாம் சகிதமாக வண்டி தெரு முனையைத் திரும்பியது. சுவரோரம் வந்து நின்றது. ஹேண்ட்பிரேக்கை இழுக்கும் சத்தம். சர்வேயர் இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். கதவோரம் விரலை வைத்தார்.

ஙீ.

கிணற்றிலிருந்து வாளி மேலே வருவதுபோல முதலில் நெற்றி, பிறகு மூக்கு, மீசை, கழுத்து, தோள் என்று சர்வேயர் எழும்பி வந்தார். ஸ்டியரிங்குக்கு ஒட்டினாற்போல, அடைகாக்கும் கோழி மாதிரி உட்கார்ந்து, இரண்டு கையாலும் சக்கரத்தைப் பிடித்தார். வண்டி ஒரு முனகல்கூட இல்லாமல் கிளம்பியது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர், வெண்ணெயில் கத்தி இறங்கினமாதிரி. எதிரே வந்த லாரிக்கு அழகாக ஒதுங்கிக் கொடுத்து, வளைவில் திரும்பி மறைந்தது.

அவள் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். மனுஷருக்கு நன்றாக ஓட்டத் தெரிகிறது! தெரிந்துகொண்டே, நாலு பேர் பார்க்கிற இடத்தில் மட்டும் ஓட்டத் தெரியாதவராக இருக்கிறார். வாசலிலிருந்து தெருமுனை வரைக்கும் ஒரு வேஷம், குடோன் சுவரைத் தாண்டினால் இன்னொன்று. தானும் இந்த வேஷத்துக்கு ஒத்து ஊதிக்கொண்டு, தோளைக் குறுக்கிக்கொண்டு, தட்டைச் செருப்பில் தேய்ந்துகொண்டு இத்தனை வருஷம் கூட நடந்திருக்கிறோமே என்று நினைத்தபோது அவளுக்குத் தன்மீதே எரிச்சல் வந்தது. இன்னொரு பொம்பளை விவகாரமாக இருந்திருந்தால்கூட மரியாதையாகச் சண்டை போட்டிருக்கலாம். இதற்குப் போய் என்னவென்று சண்டை போடுவது?

சண்டை போடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தாள், சகலை கூப்பிட்ட விருந்து வரைக்கும்.

சகலையின் கல்யாண நாள். ஒரு சின்னக் குன்றின் உச்சியில் இருக்கும் ஓட்டலில் மதியச் சாப்பாடு. சர்வேயர் அடிவாரத்திலேயே கூரையைத் திறந்துவிட்டு, ஒன்றாம் எண் தோரணையில் சாய்ந்துகொண்டார். அவள் பாதையை அண்ணாந்து பார்த்தாள். செங்குத்தாக இருந்தது.

"ஏங்க, ஏத்தமா இருக்கு. மூணாம் பட்டன அமுக்கிட்டுப் போங்களேன்."

அவர் கழுத்து நரம்பு புடைத்தது. "எந்த மூணு?"

"கம்பெனி செட்டிங்."

"அது எதுக்கு இப்ப?"

"கால் எட்டும்ல."

"எனக்குக் கால் எட்டலேன்னு எவன் சொன்னான்?"

"யாரும் சொல்லல. கியர்தான் தினமும் கத்திச் சொல்லுது."

சர்வேயர் கோபத்தை ஆக்ஸிலேட்டரில் காட்டினார். வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. வாசலில் சொந்தக்காரர்கள் போட்டோவுக்கு வரிசையாக நின்றிருந்தார்கள். கை ஆட்டலாம் என்று அவர் கையைத் தூக்கிய நேரம் பார்த்து, காய்கறி வேன் ஒன்று பின்பக்கமாக வெளியே வந்தது. பிரேக் போட்டார். கிளட்சுக்குப் போன கால் பாதி வழியில் நின்றது. வண்டி ஒரு குலுக்கலோடு அணைந்துபோனது.

இந்த வண்டிக்கு ஒரு பழக்கம். கிளட்சை அடிவரை மிதிக்காமல் ஸ்டார்ட் ஆகாது. சர்வேயர் எம்பினார். சீட்டில் வழுக்கி வழுக்கி, தாடை ஸ்டியரிங்குக்குக் கீழே போகும் வரை கால் நீட்டினார். வண்டி கீ கீ என்றது, கிளம்பவில்லை. இந்தக் கூத்தில் பிரேக்கிலிருந்த கால் நழுவியது. சாண் ஏறினால் முழம் சறுக்கும் என்பார்களே, அதைக் கண்ணால் காட்டுவதுபோல வண்டி பின்னால் உருண்டு, ஓரத்துப் பூந்தொட்டிச் சுவரில் இடித்தது. பின்விளக்கு உடைகிற சத்தம். அவள் ஹேண்ட்பிரேக்கை எட்டி இழுத்தாள்.

கீழே ஹாரன்கள். மேலே மொத்த உறவும்.

"அமுக்குங்க," என்றாள், மெதுவாக.

"எல்லாரும் பாக்குறாங்கடி."

"பாக்கட்டும்."

அமுக்கினார். ஙீ. அந்த மோட்டாருக்கு அவசரம் என்றால் என்னவென்று தெரியாது. திறந்த கூரையின் கீழே, வெட்ட வெயிலில், சர்வேயர் அங்குலம் அங்குலமாக முன்னால் வந்து உயர்ந்தார். கண் சரியாகத் தெரியாத சகலையின் அம்மா கேட்டார்.

"யாரு, சர்வேயரா? எதுக்கு எந்திரிச்சு நிக்கிறாரு?"

"உக்காந்துதாம்மா இருக்காரு," என்றார் சகலை.

ஆனால் ஒன்று, அதற்கப்புறம் அவர் வண்டியைக் கிளப்பிய நேர்த்தியைச் சொல்லாமல் இருக்க முடியாது. அந்த ஏற்றத்தில் ஒரு விரற்கடை பின்னால் போகாமல் எடுத்து, இரண்டு பெரிய கார்களுக்கு நடுவிலிருந்த சந்தில் ஒரே மூச்சில் நிறுத்தினார். அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. அவரே கவனிக்கவில்லை. இறங்கிச் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, "சீட் மோட்டர் மக்கர் பண்ணுது, நாளைக்கே பாக்கணும்," என்றார். குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை.

சகலை அவர் தோளில் கை போட்டார். "லிஃப்ட் வச்ச வண்டின்னு சொல்லவே இல்லியே சகல."

திரும்பும்போது அவர் மறுபடியும் ஒன்றாம் எண்ணில் விரலை வைத்தார். அவள் சாவிக்குக் கை நீட்டினாள். அவர் இடம் மாறினார். அவள் இரண்டை அழுத்தி, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, வீடு வரை ஓட்டிவந்தாள். வழியெல்லாம் "மெதுவா, மெதுவா" என்ற ஒரே பேச்சுத்தான் பக்கத்திலிருந்து.

உடைந்த விளக்குக்கு அவர் கம்பெனியே ஆள் அனுப்பியது. வந்தவர் அவரிடம் தொழில் கற்ற ஜூனியர். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வண்டியை ஒரு சுற்று வந்தார்.

"எப்படி சார் ஆச்சு?"

"சும்மா நின்ன வண்டிய எவனோ இடிச்சுட்டு ஓடிட்டான்," என்றார் சர்வேயர், கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

வாசலில் நின்றிருந்த அவள் இறங்கி வந்தாள். "ஏத்தத்துல பின்னால உருண்டுடுச்சுங்க. இவருதான் ஓட்டினாரு."

ஜூனியர் பேனாவை எடுக்காமல் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். சர்வேயர் வீட்டுக்குள் போய் டிவியைச் சத்தமாக வைத்தார்.

அதன் பிறகு அவர் அந்த வண்டியைத் தொடவில்லை. முதுகு வலி என்று காரணம். அவள்தான் தினமும் அதில் வேலைக்குப் போகிறாள். கூரை திறந்திருக்கும், கியர் சத்தமே கேட்காது. சர்வேயருக்கு ஆபீஸ் கார் வருகிறது. பின்சீட்டில் ஏறி, சாய்ந்து, கூலிங் கிளாஸை மாட்டிக்கொள்கிறார். கார் தெருமுனை திரும்புவதற்குள் ஆரம்பித்துவிடும்.

"என்னப்பா கியர் போடுற? கிளட்ச்ச முழுசா மிதிப்பா. ஓட்டத் தெரியாதவங்களையெல்லாம் எதுக்குத்தான் வேலைக்கு வைக்கிறாங்களோ!"

டிரைவர் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்.