நீலம் தூக்கலான சுண்ணாம்பு

எங்கள் வீட்டுப் பரணில் சுண்ணாம்பு அடிக்கிற மட்டை ஒன்று கிடக்கிறது. தென்னை மட்டையை நசுக்கி, நுனி நாரைப் பிரித்து, கயிற்றால் இறுக்கிக் கட்டியது. நார்களின் இடுக்கில் காய்ந்த நீலம் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. என் மனைவி இரண்டு தடவை அதைக் குப்பையில் போட்டாள். இரண்டு தடவையும் பதறியடித்து ஓடிப்போய் எடுத்து வந்தேன். பதறுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை. தந்திக்காரன் பக்கத்து வீட்டுக்கு வந்தாலே நான் கொல்லைக்கு ஓடிவிடுவேன். அந்த மட்டை என் தாய்மாமாவுடையது. பதினோரு வருஷம், இந்த மனிதரை என்ன செய்தால் தகும் என்று நான் யோசித்துக்கொண்டே இருந்தேன்.

எழுபத்து நான்கில், ஆடி வெள்ளம் வடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் கொள்ளிடத்தில் மூழ்கிப் போய்விட்டான். அவனுக்குப் பதினான்கு வயது, எனக்குப் பத்து. மாமா ஸ்ரீரங்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பாலக்கரையில் எங்கள் வீட்டுக்கு வந்து, எங்கள் இருவரையும் பஸ்ஸில் ஏற்றி ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துப்போவார். அன்றைக்கு இரண்டு பேரோடு போனவர், ஒருவனோடு திரும்பி வந்தார். "நாந்தான்க்கா பாக்காம விட்டுட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. "இனிமே இந்த வாசப்படி மிதிக்காதே" என்றாள் அம்மா. அடக்கத்தன்று மாமா கல்லறைத் தோட்டத்து கேட்டுக்கு வெளியே நின்றார். நான் உள்ளேயிருந்து அவரை முறைத்தேன். பத்து வயதில் எனக்கு முறைக்க வந்ததே பெரிய விஷயம்.

நவம்பர் இரண்டு எங்களுக்குக் கல்லறைத் திருநாள். முந்தின நாளே போய்ப் புல் செதுக்கி, கல்லறைக்குச் சுண்ணாம்பு அடித்து வைப்போம். மறுநாள் பூவும் மெழுகுவத்தியும் வைத்துக் காத்திருந்தால், பங்குச் சாமியார் வரிசையாக வந்து மந்திரித்துத் தீர்த்தம் தெளிப்பார். அந்த முதல் வருஷம் நாங்கள் வாளியோடு போனபோது, அண்ணன் கல்லறைக்கு யாரோ ஏற்கெனவே சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். வெள்ளை பளிச்சென்று தெரிய எல்லாரும் ஒரு சிட்டிகை நீலம் கலப்பதுதான். இதில் ஒரு கைப்பிடி விழுந்திருந்தது. சின்ன வயதில் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போதும் மாமா இப்படித்தான் கலப்பாராம். அம்மாவுக்கு அந்த நிறம் போதும், ஆளைத் தெரிந்துகொள்ள.

"அவன் கை பட்ட இடம் ஒரு விரக்கடை வெளிய தெரியக் கூடாது. மேல அடிடா" என்றாள்.

அடித்தேன். எங்கள் வாளியில் நீலமே கிடையாது, சுத்த வெள்ளை. அடுத்த வருஷமும் மாமா முந்திக்கொண்டார், நாங்கள் மேலே அடித்தோம். அதற்கடுத்த வருஷமும் அப்படியே. ஊரில் மற்றக் கல்லறைகள் மழையில் கரைந்து இளைத்தன. எங்கள் கல்லறை மட்டும் வருஷத்துக்கு இரண்டு பூச்சு வாங்கிக் கொழுத்தது. அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஷிப்ட் பார்ப்பவர். இந்த யுத்தத்தில் அவர் எந்தக் கட்சியும் சேரவில்லை.

பதினாறு வயதில் நான் தனியாகவே ஒரு தாக்குதல் நடத்தினேன். மாமா முதல் நாளே கல்லறைத் தோட்டத்து வேப்பமரத்தடியில் சுண்ணாம்பை ஊறப்போட்டு, முள்ளால் மூடிவிட்டுப் போவார் என்று கண்டுபிடித்திருந்தேன். நான்கு பாக்கெட் நீலத்தை அதில் கொட்டிக் கலக்கிவிட்டுத் திரும்பினால், வாட்ச்மேன் வருகிறார். கைக்கெட்டிய கல்லறை முன்னால் தொப்பென்று மண்டியிட்டு, 'அருள் நிறைந்த மரியே' என்று உரக்க ஆரம்பித்தேன். வாட்ச்மேன் போய்விட்டார், அந்தக் கல்லறைக்குச் சொந்தக்கார அம்மாள் வந்துவிட்டார். "எங்க வீட்டுக்காரருக்காகவா ஜெபம் பண்ற? நீ யாரு பெத்த புள்ளப்பா?" என்று சந்தேகமாகக் கேட்டார். அன்று நான் ஓடிய ஓட்டத்தில் காலில் செருப்புகூட இல்லை. செருப்பு அங்கேயே கிடந்தது.

மறுநாள் பார்த்தால், கல்லறை, மாதாவின் முக்காட்டு நீலத்தில் ஜொலித்தது. "இவனுக்குக் கண்ணும் போயிடுச்சா?" என்ற அம்மா, வெள்ளை ஏறும்வரை என்னை நான்கு பூச்சு அடிக்க வைத்தாள். ஒரு வாரம் என்னால் கையைத் தூக்கிச் சோறு தின்ன முடியவில்லை. நான் வாங்கிய பழி என் தோள்பட்டையிலேயே வந்து உட்கார்ந்தது.

இதுவரை சொன்னது அம்மாவுக்குத் தெரிந்த கதை. எனக்கும் மாமாவுக்கும் மட்டும் தெரிந்தது ஒன்று உண்டு. அன்றைக்கு மாமா என்னைக் கரையில் உட்காரவைத்து, "டிரவுசர் நனைஞ்சா அக்கா திட்டுவா மாப்ளே, எறங்காதே" என்று சொல்லிவிட்டு, அண்ணனுக்கு நீச்சல் பழக்கிக்கொண்டிருந்தார். நான் இறங்கினேன். காலடியில் மணல் நழுவியது. தண்ணீர் என் முழங்காலுக்கு இருந்தது. முழங்காலுக்கு! அதில் நின்றுகொண்டு நான் போட்ட கூச்சல் மலைக்கோட்டைக்குக் கேட்டிருக்கும். "போறேன் மாமா, போறேன்!" மாமா அண்ணனை விட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தார். என்னைத் தூக்கிக் கரையில் போட்டுவிட்டுத் திரும்பியபோது, அங்கே தண்ணீர் மட்டும் இருந்தது. மணல் அள்ளிய குழி என்று பிறகு சொன்னார்கள்.

மாமா இதை யாரிடமும் சொல்லவில்லை. அதனால்தான் அவரை அப்படி வெறுத்தேன். ஒரு தடவை கோபத்தில் போட்டு உடைத்திருந்தால்கூட, அழுது தீர்த்திருப்பேன். அவரோ வருஷா வருஷம் வந்து நீலச் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்.

எண்பத்து ஐந்தில் புதிதாக வந்த இளம் சாமியார், ஒவ்வொரு கல்லறையிலும் பெயரைப் படித்து ஜெபம் சொன்னார். எங்களிடம் வந்து குனிந்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார். "பேரு இல்லையேம்மா. யாரு இவங்க?"

அம்மா கல்லைத் தடவினாள். எழுத்து வெட்டியிருந்த இடமெல்லாம் வழவழவென்று மூடிக் கிடந்தது. "எம் புள்ளைக்குப் பேரு இல்லையாம்டா" என்றாள் என்னிடம். அவள் பேர் சொல்லத் தவித்த அந்த நிமிஷம், நான் வாளி வாளியாக ஊற்றியது எங்கே போய்ச் சேர்ந்தது என்று புரிந்தது.

மறுநாள் காலை தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு சுரண்டப் போனேன். அங்கே மாமா உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருந்தார். சாமியார் கேட்டது அவர் காதுக்கும் எட்டியிருந்தது. அவர் கையிலும் தோசைத் திருப்பி.

"ஒண்டிக்கட்டை வீட்டுல வேற என்னடா இருக்கும்?" என்றார். பதினோரு வருஷத்தில் அதுதான் முதல் பேச்சு.

சுரண்டச் சுரண்ட ஒரு ஏடு வெள்ளை, ஒரு ஏடு நீலம் என்று பெயர்ந்து விழுந்தது. நடுவில் ஒரு ஏடு மட்டும் அடர்ந்த நீலம். "இந்த ஏடு அடிச்ச வருஷம் எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல மாப்ளே. புத்தி பெசகிடுச்சோன்னு டாக்டர்கிட்டகூடப் போனேன்" என்றார்.

"அது நாந்தான் மாமா."

"அடப்பாவி!" சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நான் சிரிக்கவில்லை. "அம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லப்போறேன்" என்றேன். அவர் சிரிப்பு நின்றது.

"வேணாம்டா. அவளுக்குக் கோவப்பட ஒரு ஆள் வேணும். நான் ஸ்ரீரங்கத்துல இருக்கேன், தாங்கிக்குவேன். நீ அவளோட ஒரே வீட்டுல கெடக்கணும்."

தோசைத் திருப்பியின் முனையில் அண்ணன் பெயரின் முதல் எழுத்து தட்டுப்பட்டது.

அன்று சாயங்காலமே சொன்னேன். அம்மா அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். எனக்குப் பயத்தில் விக்கல் எடுத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் இரண்டு தவணையில் சொல்ல வேண்டியிருந்தது. முடித்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள். "முழங்கால் தண்ணியிலயா?"

"ஆமாம்மா."

எழுந்து உள்ளே போனாள். அதன்பின் ஒரு வருஷம் என்னிடம் பேசவில்லை. பழி வாங்குவதென்றால் முறையாக வாங்குவாள். தட்டு 'ணங்'கென்று வந்து விழும். "அந்த வீரனைத் திங்கச் சொல்லுங்க" என்று சுவரிடம் சொல்வாள்.

அடுத்த நவம்பர் ஒன்றாம் தேதி போனோம். அண்ணன் பெயர் தெளிவாகத் தெரிந்தது. சுற்றிலும் புது நீலம். வழக்கம்போல நான் மட்டையை வாளியில் முக்கினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"வேணாம். கேட்டுக்கு வெளிய டீக்கடை ஓரமா நிப்பான். வருஷா வருஷம் நிக்கிறான். கூட்டிட்டு வா."

நின்றார். மட்டையைக் கையில் பிடித்தபடியே வந்தார். அம்மா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "நீலத்த இவ்வளவு கொட்டாதேன்னு சின்னப் புள்ளயிலேருந்து சொல்றேன். கேக்குறியாடா தம்பி?"

மாமா மட்டையோடு கல்லறை விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

என்னை அவள் மன்னித்தாளா, தெரியாது. திரும்பும்போது பஸ்ஸில் தன் பக்கத்தில் இடம் பிடித்து வைத்திருந்தாள். மாமாவுக்கென்று நினைத்துக் கம்பியைப் பிடித்து நின்றேன். "ஒக்காருடா. எங்கயாவது விழுந்து தொலைக்காதே" என்றாள்.

இப்போது எனக்கு வெள்ளையடிக்க நான்கு கல்லறைகள்: அண்ணன், அப்பா, அம்மா, மாமா. அக்டோபர் முடிந்தால் மாமாவின் மட்டையைப் பரணிலிருந்து இறக்கி ஊறவைக்கிறேன். எல்லாருக்கும் ஒரே ஒரு பூச்சுதான். எழுத்துக்குள் இறங்கும் சுண்ணாம்பைக் காய்வதற்குள் தீக்குச்சியால் வழித்தெடுத்துவிடுவேன். மூன்று கல்லறைக்கு ஒரு சிட்டிகை நீலம் கலப்பேன். அம்மா கல்லறைக்கு மட்டும் ஒரு கைப்பிடி. மாமா சார்பில் நான் வாங்கும் பழி அது.