முதலாம் வருட மரியாதை

சமாதானத்துக்காகக் கடல் கடந்து வந்த இரண்டு பேரை ஏர்போர்ட் வாசலிலேயே பிரித்துவிட்டோம். நாங்கள்தான். ஆக்லாந்தில் வாழும் பொறுப்பான, படித்த, நல்ல மனது படைத்த இலங்கையர்கள்!

விஷயம் இதுதான். மன்னாரிலிருந்து ரெஜினா அக்கா. மதவாச்சிப் பக்கமிருந்து குமாரி அக்கா. ஒருவர் தமிழ், மற்றவர் சிங்களம். போரில் வீட்டு மனிதர்களைத் தொலைத்த இரு பக்கத்துப் பெண்களும் சேர்ந்த ஒரு சின்ன அமைப்பை இருவரும் நடத்துகிறார்கள். மாதம் ஒருமுறை கூடுவார்கள். காணாமல்போனவர்களைத் தேடிச் சேர்ந்து மனுக் கொடுப்பார்கள். ஒருவரின் வழக்குக்கு மற்றவர் துணைக்குப் போவார்கள்.

அந்தப் பெண்களை ஊர் ஊராக ஏற்றி வரும் பஸ்ஸுக்கும், கூடுகிற இடத்தின் வாடகைக்கும் இந்த நாட்டு அரசின் உதவிதான் கை கொடுக்கிறது. அது இந்த வருடத்தோடு முடிகிறது. தொடர வேண்டும் என்று திங்கட்கிழமை அதிகாரிகளிடம் நேரில் கேட்கத்தான் இருவரும் வந்தார்கள். பஸ் நின்றால் கூட்டம் நிற்கும். கூட்டம் நின்றால்... அவரவர் வீட்டில் அவரவர் அழ வேண்டியதுதான்.

சனிக்கிழமை காலை ஏர்போர்ட்டில் இரண்டு வரவேற்புக் குழு. தமிழர்கள் ஒரு பூங்கொத்தோடு, சிங்களவர்கள் ஒரு பூங்கொத்தோடு. தமிழ் அக்கா தமிழ் வீட்டில், சிங்கள அக்கா சிங்கள வீட்டில் — பேச்சும் வசதி, சாப்பாடும் வசதி. எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறோம், பாருங்கள்! ஒரு கார் கிளென் ஈடனில் என் வீட்டுக்கு. மற்றது எல்லர்ஸ்லியில் ருவனி என்பவர் வீட்டுக்கு.

ரெஜினா அக்கா காரில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். சாப்பாட்டு மேசையிலும் முகம் சரியில்லை.

“ஏன் அக்கா, உறைப்புக் கூடிப்போச்சோ?”

“இல்லை தங்கச்சி. குமாரியோட கதைக்கோணும். திங்கக்கிழமை என்ன சொல்லுறது எண்டு நாங்கள் இன்னும் முடிவெடுக்கேல்லை.”

“அதுக்கென்ன, வாட்ஸ்அப்பில கதையுங்கோவன்.”

“போனில எண்டால் அவ எல்லாத்துக்கும் சரி, சரி எண்டுவா. அவ சரி எண்டால் சரியில்லை எண்டு அர்த்தம். நேரில இருந்தால்தான் ஒழுங்காச் சண்டை பிடிக்கலாம்.”

சண்டை பிடிக்க முடியவில்லையே என்று ஒருவர் இப்படி ஏங்கி நான் பார்த்ததில்லை.

ருவனிக்கு போன் போட்டேன். அவர் வீடு என் ஆபீஸிலிருந்து நடக்கிற தூரம். எத்தனையோ மதியங்கள் அந்தத் தெருவால் போயிருக்கிறேன். ஆனால், இந்த ஊரில் ஒரு சிங்கள வீட்டு வாசலையும் நான் மிதித்ததில்லை. தமிழ் வீடுகள் விஷயத்தில் ருவனியும் அப்படித்தான் என்று பிறகு தெரிந்தது. பகை ஒன்றும் இல்லை. ஒரே கடையில்தான் மாசிக் கருவாடு வாங்குகிறோம். கண்டால் சிரிப்போம். அதோடு சரி.

“நாங்கள் வருகிறோமே” என்றேன் ஆங்கிலத்தில். ஐயோ, உங்களுக்கு ஏன் சிரமம், நாங்கள் வருகிறோம் என்றார். இல்லையில்லை, என் தெருவில் பார்க்கிங் கஷ்டம். அப்படியானால் நடுவில் ஒரு கஃபே? லைப்ரரி? இரண்டு நாட்டுத் தூதுவர்கள் மாதிரிப் பொது இடம் தேடிக்கொண்டிருந்தோம். சோபாவில் படுத்திருந்த என் மகள், கையில் இருந்த போனிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: “மம், இட்ஸ் ஜஸ்ட் டீ!”

பின்னேரம் ருவனி குமாரி அக்காவை அழைத்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு டப்பா கொக்கிஸ் பலகாரம். வாசலில் நின்று, “நான் காரிலேயே இருக்கட்டுமா?” என்று வேறு கேட்டார். குமாரி அக்கா எங்கள் இருவரையும் விலக்கிக்கொண்டு நேரே ஹாலுக்குள் போனார்.

தொடங்கியது சண்டை. முழுக்கச் சிங்களத்தில். எனக்குத் தெரிந்த சிங்களம் சுகம் விசாரிக்க மட்டுமே காணும். சமையலறையில் ருவனி என் காதுக்குள் மொழிபெயர்த்தார்.

அமைப்பிலிருந்து சில பெண்கள் கோபித்துக்கொண்டு போனார்களாம். அதையும் சொல்ல வேண்டும் என்பது குமாரி அக்காவின் கட்சி. சொன்னால், ‘இத்தனை நாளும் என்ன செய்தீர்கள்?’ என்று கேட்பார்கள் என்கிறார் ரெஜினா அக்கா. எல்லாம் நல்லபடி நடக்கிறது என்றால், ‘அப்போது இனி நாங்கள் எதற்கு?’ என்று போய்விடுவார்களே என்கிறார் குமாரி அக்கா.

இரண்டும் நியாயம்தானே? உதவி கேட்டுப் போகிறவர்கள் பாதி நோயோடுதான் போக வேண்டியிருக்கிறது. முழுக்கக் குணமென்றால் மருந்து நிற்கும். குணமே இல்லையென்றால் டாக்டர் கைவிடுவார்.

ஹாலில் சத்தம் ஏறியது. யாரோ மேசையில் ஓங்கித் தட்டினார்கள். ருவனி பால் போத்தலோடு நின்றார், நான் சீனிப் போத்தலோடு. போச்சு! சமாதானம் என் வீட்டில் வைத்தா உடைய வேண்டும்?

தட்டில் தேநீரை வைத்துக்கொண்டு, இரண்டு பேரும் அசட்டுச் சிரிப்போடு உள்ளே போனோம். ஹால் அமைதியானது. குமாரி அக்கா எங்களை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ சொன்னார். அவ்வளவுதான், இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

“நீங்கள் ரெண்டு பேரும் இன்னும் முதலாம் வருசத்திலதான் நிக்கிறியளாம்” என்றார் ரெஜினா அக்கா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அதென்ன அக்கா, முதலாம் வருசம்?”

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: “என்ர மனுசனை ஆமி கூட்டிக்கொண்டு போனது. திரும்பி வரேல்லை. இவவின்ர மகன் ஆமியில இருந்தவன். அவனும் வரேல்லை. முதல் வருசம் நாங்களும் உங்களை மாதிரித்தான். நீங்க குடியுங்கோ, இல்லை நீங்க முதல் குடியுங்கோ எண்டு சொல்லிச் சொல்லியே தேத்தண்ணி ஆறிப்போகும். ஒருநாள் இவ கேட்டா, என்ர மகனையும் உன்ர மனுசனைக் கொண்டுபோன ஆக்களில ஒருத்தன் எண்டு நினைக்கிறியோ எண்டு. நான், ஓம், நினைக்கிறன் எண்டன். அண்டைக்குப் பிடிச்சம் ஒரு சண்டை! இனி வாறதில்லை எண்டு ரெண்டு பேரும் வீட்ட போயிட்டம்.”

“பிறகு?”

“அடுத்த மாசம் பஸ் வந்து வாசலில நிண்டது. ஏறினம்.”

ருவனி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று குமாரி அக்கா எல்லர்ஸ்லிக்குத் திரும்பிப் போகவில்லை. மகளின் அறையில் இருவரும் பேசிக்கொண்டே கிடந்தார்கள்.

திங்கட்கிழமை நானும் ருவனியும் லீவு போட்டுவிட்டுக் கூட்டத்தில் பின்வரிசையில் இருந்தோம். உங்கள் பெரிய சாதனை என்ன என்று ஓர் அதிகாரி கேட்டார். குமாரி அக்கா சிங்களத்தில் சொல்ல, ரெஜினா அக்கா அதை உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: “முதல் வருடம் மரியாதையாக இருந்தோம். இப்போது சண்டை பிடிக்கிறோம். சிலர் கோபித்துக்கொண்டு போயும் இருக்கிறார்கள். சண்டைக்குப் பிறகும் வருவதற்கு எங்களுக்கு ஒரு பஸ் வேண்டும்.”

அதிகாரி குறிப்பெடுத்துக்கொண்டார். பிறகு, கோபித்துப் போனவர்களைப் பற்றித்தான் அதிகம் விசாரித்தார்.

போன வாரம் ரெஜினா அக்காவின் குரல் வாட்ஸ்அப்பில் வந்தது. “தங்கச்சி, பஸ் ஓடும்!” பின்னால் குமாரி அக்கா ஏதோ கத்துவது கேட்டது. அடுத்த சண்டை தொடங்கியிருக்க வேண்டும். கேட்கவே சந்தோஷமாக இருந்தது.

இங்கே நானும் ருவனியும் இப்போது தினமும் மதியச் சாப்பாட்டுக்கு எல்லர்ஸ்லியில் ஒரு கஃபேயில் சந்திக்கிறோம். செவ்வாய்க்கிழமை அவர், “யுத்தம் முடிந்து எவ்வளவு காலம், இன்னும் ஏன் அதையே...” என்று ஆரம்பித்தார். வழக்கமாக இந்த இடத்தில் நான் சிரித்து மழுப்பிவிடுவேன். அன்று மழுப்பவில்லை. அவரும் விடவில்லை. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். சாப்பாடு பாதியில் நிற்க, பை பைகூடச் சொல்லாமல் பிரிந்தோம்.

மறுநாள் போவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டேதான் நடந்தேன். ருவனி எனக்கு முன்பே வந்து, எதிர் நாற்காலியில் தன் கைப்பையை வைத்து இடம் பிடித்திருந்தார்.

முதலாம் வருடம் பாஸ்!