முதல் கையெழுத்து

வலது கையில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் வாளி மூடி. அதைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி லாரிக்கு முன்னால் இறங்கிவிட்டார் பாக்கியசீலன். "நில்லும்வே! ஜனங்க கோயிலுக்குப் போவுது, கண்ணு தெரியலியா?" லாரி முக்கி முனகி நிற்கிறது. "வாங்கக்கா, பைய வாங்க. நான் நிக்கேம்லா!" வேதாகமத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெள்ளைச் சேலைக்காரிகள் கடக்கிறார்கள்.

நாங்குநேரிக்கு இப்பால் உள்ள சின்ன ஊர். வீடுகள் மேற்கே, கோயில் கிழக்கே, நடுவில் நாலுவழிச்சாலை. ஞாயிறுதோறும் இந்த எழுபத்திரண்டு வயது ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு இதுதான் வேலை. போலீஸ் இரண்டு தடவை கண்டித்தாயிற்று. "முப்பது வருசம் பிள்ளைகளைக் கையமத்தி உக்கார வச்சவன் நான். இந்த லாரிக்காரனா கேக்காம போவான்?" என்கிறார். கோயிலில் மணி அடிக்கிற பெனோவுக்கும் இவர்தான் கடிகாரம். வாளி மூடி கீழே இறங்கினால்தான் இரண்டாம் மணி. அதுவரை பாதிரியாரே காத்திருக்க வேண்டும்!

ரோட்டை நான் குறை சொல்லவில்லை. மதுரைக்குக் காலையில் போய் மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாம். கங்கைகொண்டான் கம்பெனிகளுக்கு இந்த ஊர்ப் பெண்கள் வேனில் போய் வருகிறார்கள். நிலம் கொடுத்தவர்கள் மாடி கட்டிவிட்டார்கள். ஆனால், முன்பு நின்று ஆள் ஏற்றிப்போன நாகர்கோவில் பஸ் இப்போது ஊரைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. டீக்கடைகள் மூடியாயிற்று. எதிர்ப்பக்கத்து வயலுக்குப் போக, ஓடைக்குப் பக்கத்திலுள்ள சுரங்கப்பாதை வரை ஒன்றரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும். அதிலும் பாதி நாள் முழங்கால் தண்ணீர்.

அந்தச் சுரங்கப்பாதை கோயிலுக்கு நேர் எதிரே வந்திருக்க வேண்டியது. ரோடு போடும் முன் அளக்க வந்த அதிகாரி நல்ல மனிதர். "ஊர் மொத்தமும் கையெழுத்துப் போட்டு ஒரே மனு கொடுங்கள், இங்கேயே தோண்டிவிடலாம்" என்று ஒரு வாரம் கெடு கொடுத்துவிட்டுப் போனார். இடத்தில் யாருக்கும் தகராறு இல்லை. யார் கையெழுத்து முதலில் என்பதில்தான் தகராறு! சபைத் தேர்தல் நேரம். தெற்குத்தெருவுக்கு, அப்போது சபைச் செயலாளராக இருந்த பாக்கியசீலன்தான் முதலில் போட வேண்டும். வடக்குத்தெருவுக்கு அவர்களுடைய பெரிய ஆள் நேசையாதான் முதலில். ஒருவருக்குக் கீழே ஒருவர் போட மாட்டோம் என்று முறுக்கிக்கொண்டு நின்றார்கள். கெடு முடிந்தது. மனு போகவே இல்லை. அடப்பாவிகளா, ஒரு கையெழுத்துக்காகவா!

தேர்தலில் பாக்கியசீலன் ஜெயித்தார். வெடி போட்டுக் கொண்டாடினார்கள். ரோடு வந்து மூன்றாம் வருஷம், பாட்டுப் பயிற்சிக்காக ரோட்டைக் கடந்த நேசையாவின் மகள் ரீபா மேல் கார் மோதியது. இருபத்திரண்டு வயதில் போய்விட்டாள். பாட்டுப் புத்தகம் மட்டும் கோயில் வாசல் வரை பறந்துபோய் விழுந்திருந்ததாம். மறு ஞாயிறு பாக்கியசீலன் வீட்டிலிருந்து வாளி மூடியை எடுத்துக்கொண்டு வந்தார். "ரெண்டாவதா போட்டிருந்தா என் கை என்ன அழுகியா போயிருக்கும், சொல்லும்வே" என்று என்னிடம் கேட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது.

இப்போது நடைமேம்பாலம் தருகிறார்களாம். அதற்கும் ஊர் மொத்தத்தின் ஒரே மனுதான் வேண்டுமாம். மனு பாக்கியசீலன் சட்டைப்பையில் இருக்கிறது. தெற்குத்தெரு முழுக்கக் கையெழுத்துப் போட்டாயிற்று, அவர் கையெழுத்து கடைசியில். முதல் வரி மட்டும் காலி. நேசையா போட்டால்தான் வடக்குத்தெரு போடும். பாக்கியசீலன் நாலு தடவை நேசையா வீட்டுக்குப் போயிருக்கிறார். நாலு தடவையும் கதவு திறக்கவில்லை.

இன்று எல்லோரும் கடந்த பிறகு, கடைசியாக நேசையா தனியாக வந்து ரோட்டோரத்தில் நின்றார். பாக்கியசீலன் மூடியைத் தூக்கினார். ஒரு பஸ், இரண்டு லாரி, பின்னால் ஏழெட்டுக் கார்கள் நின்றன. "வாரும்" என்றார், மெதுவாக. நேசையா அசையவில்லை. ஹாரன் காதைப் பிளந்தது. பாக்கியசீலன் மூடியை இடது கைக்கு மாற்றிப் பிடித்தார். கடைசியில் மூடியை இறக்கினார். பெனோ இரண்டாம் மணியை அடித்தான். வண்டிகள் ஒவ்வொன்றாகச் சீறிக்கொண்டு போயின. எல்லாம் போகும்வரை பொறுத்திருந்த நேசையா, இரண்டு பக்கமும் தானே பார்த்துக்கொண்டு, பாக்கியசீலனை உரசாத குறையாகக் கடந்து கோயிலுக்குள் போனார்.