லாத்தா மாட்டிக் கொடுத்த ஹீட்டர்

ராமநாதபுரத்தில் ஒரு கடையில் போய் நின்று, அறையைச் சூடாக்க ஒரு மிஷின் வேண்டும் என்று கேட்டால் உங்களை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நாங்கள் கேட்டோம். பார்த்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல முடியாது. தண்ணியில்லாக் காடு என்று நாடெல்லாம் பெயர் வாங்கிய ஊர் இது. பிடிக்காத ஆளை அங்கே மாற்றிவிடுவேன் என்று அதிகாரிகள் மிரட்டுவதே எங்கள் ஊரைச் சொல்லித்தான். வருஷம் முழுக்க ஃபேனுக்கு அடியில் கிடந்து, அதுவும் அனல் காற்றைத்தான் வீசுகிறது என்று திட்டிக்கொண்டிருப்பவர்கள் நாங்கள். ஆனால் மார்கழி என்று ஒன்று இருக்கிறதே. மழை விட்டும் விடாமல் நிற்க, கடல் பக்கமிருந்து வாடைக்காற்று வரும். சுவர் ஓதம் கட்டும். தலையணை உறைகூடத் தொட்டால் ஈரமாக இருக்கும். அந்த மார்கழியில்தான் என் மகள் அவசரப்பட்டு வந்து சேர்ந்தாள், எட்டாம் மாதத்தில்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒரு அம்மா என் காதுபடவே பக்கத்து ஆளிடம் சொன்னார், ஏழில் பிறந்தாலும் தங்கும், எட்டில் பிறந்தது தங்காது என்று. எனக்கு மட்டும் அன்று எழுந்து நிற்கத் தெம்பு இருந்திருந்தால் அந்த வராந்தாவில் ஒரு நல்ல சண்டை நடந்திருக்கும். தெம்பில்லாததால் அவரை முறைத்ததோடு விட்டுவிட்டேன்.

மகளைப் பெட்டியில் வைத்தார்கள். அந்த வார்டில் எல்லோரும் அதைப் பெட்டி என்றுதான் சொன்னார்கள். "உங்க புள்ளையும் பெட்டியில இருக்கா?" என்று ஒருத்தியை ஒருத்தி விசாரித்துக்கொள்வோம். கண்ணாடிச் சுவருக்குள் இதமான சூட்டில் என் கைப்பிடி அளவுக்கு அவள் கிடந்தாள். பக்கத்தில் இருந்த வட்ட ஓட்டை வழியாகக் கையை விட்டு அவள் பாதத்தைத் தொட்டுப் பார்க்கலாம். அவ்வளவுதான் எனக்கு அனுமதி. தினமும் அந்த ஓட்டையில் கையை விட்டு நிற்கும்போது எனக்கு ஒரு எண்ணம் ஊறிப்போனது. இவளை உயிரோடு வைத்திருப்பது கரண்டுதான், நானில்லை.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னார். உள்ளங்கால் எப்போதும் கதகதப்பாக இருக்க வேண்டும், சில்லிட்டால் உடனே தூக்கிக்கொண்டு வந்துவிட வேண்டும், மறுபடி பெட்டியில் வைக்க வேண்டியிருக்கும். நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, துணிக்கு மேலே இல்லாமல் தோலோடு தோலாக நெஞ்சில் போட்டுக்கொள் என்று சொன்னார். தலையாட்டினேன். ஆனால் வீட்டுக்கு வந்து ஒருமுறை போட்டுப் பார்த்தபோது அவள் சிணுங்கினாள். என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன், அதுவே சில்லென்று இருந்தது. ரத்தம் குறைந்து, பாலும் சரியாக ஊறாமல், மூன்று போர்வைக்குள்ளும் நடுங்கிக்கொண்டிருந்த உடம்பு. இந்த உடம்பு யாருக்குச் சூடு கொடுக்கும் என்று அவளைத் துணியில் சுற்றித் தனியே படுக்க வைத்துவிட்டேன்.

முதல் பிரசவம் தாய்வீட்டில் என்பதுதான் வழக்கம். எனக்கு அம்மா இல்லை. மாமியார் படுக்கையில் கிடந்த மாமனாரை விட்டு நகர முடியாது. ஆகவே வாடகை வீட்டின் மாடியில் நான், மகள், இவர். இவர் என்பது என் வீட்டுக்காரர். வாடகைக்கு இருப்பவர்களுக்கு இந்த வார்த்தையில் ஒரு தொல்லை உண்டு. வீட்டுக்காரர் என்றால் புருஷனா, வீட்டுச் சொந்தக்காரரா என்று கேட்பார்கள். எங்கள் வீட்டுச் சொந்தக்காரர் ஒரு பெண்மணி, ஏர்வாடியில் இருந்தார். ஐம்பது வயது இருக்கலாம். அவரை லாத்தா என்று கூப்பிடுவோம். அந்தப் பக்கத்து முஸ்லிம்கள் வழக்கத்தில் லாத்தா என்றால் அக்கா.

இவர் மண்டபத்தில் மீன் கம்பெனி வேலைக்கு லீவு போட்டுவிட்டு ரசம் வைத்தார், பிள்ளைத்துணி துவைத்தார். அடுப்பில் ஒரு குண்டானில் தண்ணீர் சுட வைத்து, எங்கே என் மேல் கொட்டிவிடுமோ என்ற பயத்தில் பாதிக்குமேல் பச்சைத் தண்ணீரைக் கலந்து குளிக்கக் கொண்டுவந்து வைப்பார். அது வெந்நீர் என்று அவருக்கு மட்டும்தான் தெரியும். இத்தனைக்கும் பெட்ரூமை ஒட்டிய பாத்ரூமில் தண்ணீர் ஹீட்டர் ஒன்று சுவரில் இருக்கத்தான் செய்தது. இந்த ஊர் உப்புத்தண்ணீரில் சுண்ணாம்பு படிந்து, நாங்கள் குடிவருவதற்கு முன்பே அது செத்துப்போயிருந்தது. மாற்றித் தரச் சொல்லி லாத்தாவிடம் கேட்கும்போதெல்லாம் "பாப்போம்மா" என்பார். லாத்தாவைப் பற்றி இவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். இன்ஷா அல்லாஹ் என்று சொன்னால் கண்டிப்பாகச் செய்வார், பாப்போம் என்று சொன்னால் நாம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

பெட்டி மாதிரி நம் அறையையே சூடாக வைத்துவிட்டால் என்ன என்பது என் யோசனை. பரணில் ஒரு ரூம் ஹீட்டர் கிடந்தது. எங்களுக்கு முன்னால் குடியிருந்தவர் வடக்கேயிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. கம்பளி, ஹீட்டர் என்று சகலத்தையும் கட்டிக்கொண்டு வந்து, ஒரு சித்திரையைப் பார்த்ததும் ஹீட்டரைப் பரணிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். இவர் அதை இறக்கித் துடைத்தார். முன்பக்கம் கம்பி வலை, உள்ளே சுருள் கம்பி. சுவிட்சைப் போட்டால் மூச்சே இல்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கம் மிக்ஸி, ஃபேன், அயர்ன் பாக்ஸ் ரிப்பேர் பார்க்கிற ஒருவரிடம் கொண்டுபோனார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறார். ரூமைச் சூடு பண்ணும் என்று இவர் சொன்னதும் எதிர் டீக்கடையில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினாராம். "ஏலே, இங்கன வாங்கடா, நம்ம ஊருக்குச் சூடு பத்தலையாம்." சிரித்து முடித்த பிறகு பிள்ளை விஷயத்தை இவர் சொல்ல, மனிதர் முகம் மாறி, மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டுக் கரண்டு அடுப்புக்குப் போடுகிற சுருளை வெட்டி மாட்டிக் கொடுத்தார். வீட்டில் வந்து போட்டோம். சிவப்பாகப் பழுத்தது. நான் மகளின் பாதத்தைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன். சற்று நேரத்தில் படாரென்று ஒரு சத்தம், கருகல் வாடை, வீடு முழுக்கக் கரண்டு போய்விட்டது. ரிப்பேர்காரரே மாடியேறி வந்து பார்த்துவிட்டு, உப்புக்காற்று உள்ளே எல்லாவற்றையும் அரித்துவிட்டது, இனி இதை நம்பிப் பிள்ளை பக்கத்தில் வைக்காதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

புதிதாக வாங்கலாம் என்று இவர் கடை கடையாக ஏறினார். ஹீட்டர் என்றதும் எல்லாக் கடையிலும் தண்ணீர் ஹீட்டரைத்தான் இறக்கிக் காட்டினார்கள். இல்லையென்றால் வாளியில் போடுகிற கம்பி. ஆன்லைனில் பார்த்தால், வந்து சேர ஒரு வாரம் ஆகும் என்றது. அப்போதுதான் லாத்தாவின் தம்பி கீழக்கரையில் வெளிநாட்டுச் சாமான் கடை வைத்திருப்பது எனக்கு ஞாபகம் வந்தது. லாத்தாவுக்குப் போன் போட்டேன்.

"பெட்ரூம் ஹீட்டர் போயிருச்சு லாத்தா. உங்க தம்பி கடையில இருந்தா புதுசு ஒண்ணு வாங்கித் தாங்க" என்றேன். பிள்ளைக்குக் குளிர் ஆகவில்லை, எனக்கும் தாங்கவில்லை என்று சொல்லும்போது அழுகை வந்துவிட்டது. லாத்தாவின் குரல் ஒரு மாதிரி வந்தது. "எங்க வீட்டு ஹீட்டருக்கு நீ எதுக்கும்மா வாங்கணும்? நாளைக்கு நானே கொண்டாந்து மாட்டித் தாரேன். இன்ஷா அல்லாஹ்."

எங்கள் வீட்டு ஹீட்டர் என்று ஏன் சொன்னார் என்று நான் யோசிக்கவில்லை. இன்ஷா அல்லாஹ் மட்டும்தான் காதில் விழுந்தது. இவரிடம் சொன்னேன், இருவரும் சிரித்துக்கொண்டோம். வெகுநாள் கழித்து அன்றுதான் சிரித்தோம்.

மறுநாள் காலை மகளின் உள்ளங்கால் சில்லென்றும் இல்லை, சூடாகவும் இல்லை. என் விரலை நான் நம்பாமல் இவரைத் தொடச் சொன்னேன். அவர் தொட்டுவிட்டு ஆஸ்பத்திரிப் பையை எடுத்துப் பிள்ளைத்துணிகளை வைக்க ஆரம்பித்தார். லாத்தா ஹீட்டரோடு வரட்டும், ஒரு மணி நேரம் அறையைச் சூடாக்கிப் பார்ப்போம், பாதம் சூடேறவில்லை என்றால் ஆட்டோ பிடித்துவிடுவோம் என்று பேசிக்கொண்டோம். பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு அந்தக் கண்ணாடி ஓட்டைதான் கண்ணில் நின்றது.

லாத்தா சொன்னபடி வந்தார். அவருக்கு முன்னால் ஒரு பிளம்பர், தோளில் பெரிய அட்டைப்பெட்டியோடு படியேறினார். பிரித்தால் வெள்ளை வெளேரென்று உருண்டையாக ஒரு தண்ணீர் ஹீட்டர். பிளம்பர் நேரே பாத்ரூமுக்குள் போய்ப் பழையதைக் கழற்ற ஆரம்பித்தார். இவர் என் காதருகே வந்து, "பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சிருச்சே" என்று முணுமுணுத்தார். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இந்த ஊரில் ஹீட்டர் என்றால் தண்ணீரைத் தவிர வேறொன்றும் சுட வைக்காதா? வாயைத் திறந்து சொல்லிவிடத்தான் திரும்பினேன். லாத்தா என் கட்டிலில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நீ எத்தனை தரம் கேட்ட. நாந்தான் பாப்போம் பாப்போம்னு இருந்துட்டேன். பச்ச உடம்புக்காரி பச்சத் தண்ணியில குளிக்கிறான்னு கேட்டதுலேர்ந்து ராத்திரி எனக்குத் தூக்கம் வரல" என்றார்.

அதற்கு மேல் எப்படிச் சொல்வது?

தண்ணீர் சூடானதும், எழுந்திரு, குளி என்றார். பிள்ளையை விட்டு நகரமாட்டேன் என்றேன். பிள்ளையை அதன் அத்தா வைத்திருக்கட்டும் என்று இவரிடம் கொடுக்க வைத்து, என் கையைப் பிடித்து அழைத்துப் போனார். சாம்பிராணி போட ஒரு கரண்டியும் கையோடு கொண்டுவந்திருந்தார். குறைமாதப் பிள்ளை இருக்கும் வீட்டில் புகையே கூடாதென்று டாக்டர் சொன்னதைக் கொஞ்சம் கடுப்பாகவே சொன்னேன். "சரி தாயே, வேணாம்" என்று கரண்டியை ஓரமாக வைத்துவிட்டார்.

முக்காலியில் உட்கார வைத்து முதுகில் முதல் சொம்பை ஊற்றினார். உண்மையான வெந்நீர். பொறுக்க முடிகிற கடைசிச் சூடு. பிடரியில், தோளில், இடுப்பில் என்று விசிறி விசிறி ஊற்றினார். வாளி காலியாகக் காலியாகக் குழாய் அதை நிரப்பிக்கொண்டே இருந்தது. பிரசவத்தன்றிலிருந்து எனக்குள் கட்டிக்கிடந்த ஏதோ ஒன்று இளகியது. அம்மா இருந்திருந்தால் இதைத்தான் செய்திருப்பாள் என்று நினைத்தேன். நினைத்ததும் வாய்விட்டு அழுதேன். லாத்தா ஏன் என்று கேட்கவில்லை. அழுகை நிற்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.

தலையைத் துவட்டிக்கொண்டு வெளியே வந்து இவர் கையிலிருந்து மகளை வாங்கினேன். என் விரல் பட்டதும் இவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "என்னடி, உன் கை இப்படிச் சுடுது?"

என் நெஞ்சைத் தொட்டுப் பார்த்தேன். அதுவும் சுட்டது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து நைட்டியின் பொத்தான்களைக் கழற்றினேன். அவளைச் சுற்றியிருந்த துணிகளை அவிழ்த்து, தோலோடு தோலாக உள்ளே போட்டுக்கொண்டேன். இந்தமுறை அவள் சிணுங்கவில்லை. தவளைக்குஞ்சு மாதிரி கைகால்களை மடக்கி ஒட்டிக்கொண்டாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டது. கொஞ்ச நேரத்தில் எனக்குப் பால் சுரந்து நைட்டி நனைந்தது. அவள் பாதங்களை என் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. லாத்தா ரசத்தைச் சுட வைத்து டம்ளரில் கொண்டுவந்து எனக்குப் புகட்டினார், உப்பு பத்தவில்லை என்று இவரைக் கேலி செய்தார்.

டம்ளரை வைக்கப் போனவர் மூலையில் கிடந்த ரூம் ஹீட்டரைப் பார்த்துவிட்டார். குனிந்து அந்தக் கம்பி வலையைத் தட்டிப் பார்த்து இது என்ன சாமான் என்று கேட்டார். நான் தடுப்பதற்குள் இவர் சொல்லிவிட்டார், ரூமைச் சூடு பண்ணுகிற ஹீட்டர் என்று.

லாத்தா நிமிர்ந்தார். அந்த ஹீட்டரைப் பார்த்தார், பாத்ரூம் கதவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் முகம் அப்படியே வாடிவிட்டது.

"ஏம்மா, நீ போன்ல கேட்டது இதையா?"

என் உள்ளங்கைக்குள் இரண்டு பாதங்களும் கதகதவென்று இருந்தன.

"இல்ல லாத்தா, குளிக்கிறதுக்குத்தான் கேட்டேன்" என்றேன்.

இவர் என்னைப் பார்த்தார். எழுந்து வந்து என் கைக்குள் ஒரு விரலை விட்டு மகளின் உள்ளங்காலைத் தொட்டார். பிறகு ஆஸ்பத்திரிப் பையை எடுத்து, உள்ளே இருந்த பிள்ளைத்துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்க ஆரம்பித்தார்.